கணக்கு மேசையில் ஓடும் ஆல்பங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரள எல்லையில், பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டின் முன்னறைதான் எனக்கு ஆபீஸ். தேங்காய், கொப்பரை, மாட்டுத்தீவனம், பைப் சாமான் என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் வியாபாரம் செய்கிறவர்களுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். மேசை ஓரத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருக்கும். பில் கட்டோடு வருகிறவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்ததும் கேட்பது வரியைப் பற்றி அல்ல. "இது என்ன பாட்டுங்க, பாடறவங்களையே காணோம்?" என்பதைத்தான். அப்படிச் சேர்ந்த கேள்விகள் இவை. பதில்கள் என் காது சொன்னவை. உங்கள் காது வேறு சொன்னால் அதையே நம்புங்கள்.

வேலை நேரத்தில் பாட்டுப் போட்டால் கவனம் சிதறாதா?

சிதறும். நான் அதற்குக் காசு கொடுத்துப் படித்தவன்.

ஜிஎஸ்டி வந்த புதிதில் ஒரு கொப்பரை வியாபாரியின் பில்களைப் பதிந்துகொண்டிருந்தேன். சரக்கு எங்கள் பக்கத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் போனது. மாநிலம் விட்டு மாநிலம் போனால் ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாகப் போட வேண்டும். அன்றைக்கு எனக்கு உயிரான ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நானும் கூடவே பாடிக்கொண்டிருந்தேன். சரணம் முடிந்து நிமிர்ந்தால், பதினான்கு பில்லில் ஐந்து சதவீதத்தை இரண்டரை, இரண்டரையாகப் பிரித்து, மாநிலத்துக்குள் விற்றதுபோல சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று போட்டு வைத்திருக்கிறேன். அன்றே கண்ணில் பட்டிருந்தால் பரவாயில்லை. தாக்கல் செய்து, பணமும் கட்டின பிறகுதான் பட்டது. சரியான வரியை மறுபடி கட்டி, தப்பாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்து, அந்த அண்ணன் முகத்தைப் பார்க்கவே எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

ஆக, "பாட்டுக் கேட்கலாமா" என்பதை விட "எந்த வேலைக்கு எந்தப் பாட்டு" என்று கேட்பதுதான் சரி. எண்களை வரிசையாக மனதில் நிறுத்தும் வேலைக்குப் பேச்சுக்குரல்தான் பெரிய எதிரி. புரியாத மொழிப் பேச்சு காதில் விழுந்தால்கூட எண் வரிசை தடுமாறுகிறது என்று மனநூல்காரர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். படித்துப் புரிந்துகொள்ளும் வேலையில் புரிகிற மொழி இன்னும் கூடுதலாக இடிக்கும். எனவே எண்ணும் எழுத்தும் உள்ள மேசையில் வாத்திய இசை. கை மட்டும் ஓடுகிற வேலைக்கு எதுவும் ஓடலாம்.

நமக்குத் தமிழும் மலையாளமும் புரியும். எந்த மொழிப் பாட்டுத்தான் தொந்தரவு செய்யாது?

எல்லையில் பிறந்ததன் நஷ்டங்களில் இதுவும் ஒன்று. திருச்சிக்காரருக்கு மலையாளப் பாட்டு வெறும் சத்தமாகப் போய்விடும். நமக்கு அதுவும் கதை சொல்ல ஆரம்பித்துவிடும். குரல் வேண்டும் என்றால் நான் தெலுங்குக் கீர்த்தனைகளுக்குப் போகிறேன். தியாகராஜர் என்னை மன்னிப்பாராக. நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்களுக்கு இந்த வழியும் அடைபட்டிருக்கிறது. அவர்கள் மலையாளம் கேட்டுக்கொள்ளலாம்.

ஏன் ஆல்பம்? போனில்தான் முடிவில்லாமல் பாட்டு வருகிறதே?

முடிவில்லாமல் வருவதுதான் அதன் குறை. ஆல்பத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது.

பழைய எல்பி தட்டில் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். சி-90 கேசட் என்றால் ஒரு பக்கமே நாற்பத்தைந்து. எங்கள் வீட்டு டேப்ரிக்கார்டரில் பக்கம் முடிந்ததும் பட்டன் டக்கென்று மேலே எழும்பும். அந்தச் சத்தம் கேட்டால் அம்மா அரிசி களைய எழுந்திருப்பாள். வீட்டில் வேறு அலாரம் கிடையாது.

நானும் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஆல்பம் ஓடுகிறவரை நாற்காலியை விட்டு எழுவதில்லை, போனை எடுப்பதில்லை. ஆல்பம் முடிந்தால் கட்டாயம் எழ வேண்டும். தண்ணீர் குடித்து, வாசலில் நின்று, காற்று எப்படி அடிக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்தது. "நாற்பது நிமிடம் வேலை செய்" என்று மனதுக்குச் சொன்னால் மனது மணியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். "இந்த ஆல்பம் முடிகிறவரை" என்றால் பார்ப்பதில்லை. ஏன் என்று தெரியாது, ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நடக்கிறது.

இன்னொன்று: பிளேலிஸ்டில் அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பும், பிடிக்காதது வந்தால் தள்ளிவிடும் கையும் சேர்ந்து மணிக்குப் பத்து முறை உங்களைப் போன் பக்கம் இழுக்கும். நூறு முறை கேட்ட ஆல்பத்தில் அந்த வேலையே இல்லை. புது இசையை வேலை நேரத்தில் கேட்காதீர்கள். அதற்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

உங்கள் மேசையில் அடிக்கடி ஓடுவது எது?

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'. 1986-ல் வந்தது. படமில்லை, பாட்டில்லை, பாடுகிறவர் இல்லை. தியாகராஜருக்கும், ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) காணிக்கையாக வைத்த ஆல்பம். வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் நிற்கும். சுற்றிலும் ஒரு பெரிய தந்திக் கூட்டம்.

முதல் ஐந்தாறு முறை இதைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது, சொல்லிவிடுகிறேன். காது அதன் பின்னாலேயே போய்விடும். பாக் தனி வயலினுக்கு எழுதிய ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் முகப்புப் பகுதி ஓர் இடத்தில் வரும். அது பாக்குடையது என்று தெரிந்த பிறகும், இங்கே யார் யார் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருக்கிறார் என்று குழப்பமாகவே இருக்கும். அந்தத் துண்டுக்கு அவர் வைத்த தலைப்பே 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்' என்ற பொருளில்தான் இருக்கிறது. விருந்தாளி யார் என்பதில் அவருக்குக் குழப்பமில்லை.

பழகிய பிறகு இது என்ன வேலைக்கு உதவுகிறது என்றால், இரண்டு கணக்கை ஒத்துப் பார்க்கும் வேலைக்கு. மாதம் பதினான்காம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2-பி என்ற பட்டியல் வந்துவிடும். விற்றவர் காட்டிய பில் எல்லாம் அதில் இருக்கும். என் கையில் வாங்கியவரின் சிட்டை இருக்கும். இரண்டும் வேறு வேறு வரிசையில் ஓடும். சில பில் இங்கே இருந்து அங்கே இருக்காது. சில பில் தேதி மாறி நிற்கும். ஒரு கண் இங்கே, ஒரு கண் அங்கே. இந்த ஆல்பத்தில் இசையும் அப்படித்தான் போகிறது. ஒரு வரி தன் போக்கில் போக, இன்னொரு வரி பின்னால் வந்து அதையே வேறு இடத்திலிருந்து தொடங்கி, இரண்டும் முட்டாமல் ஓர் இடத்தில் வந்து சேரும். அதைக் கேட்டுக் கேட்டு, இரண்டு பட்டியலை ஒரே நேரத்தில் பார்ப்பதில் கண்ணுக்கு ஒரு பொறுமை வந்திருக்கிறது. நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேலைக்கு வேறு எதைப் போட்டாலும் அரைமணியில் எரிச்சல் வருகிறது.

அவருடைய இன்னொரு ஆல்பம், புல்லாங்குழல் வருமே?

'நத்திங் பட் விண்ட்', 1988. குழல் ஹரிபிரசாத் சௌராசியா. ஐந்தே துண்டுகள். இதில் காற்றுக்கு அதிக இடம் இருக்கிறது. புது வேலையை யோசிக்கும்போது, யாருக்காவது நீளமான கடிதம் எழுதும்போது நல்லது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருக்கும் நாட்களில் தலைப்பைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போடுவேன். முதல் ஆல்பத்தை விட இது இளகியது. என் தராசில் அரை மாற்றுக் குறைவு. இதைச் சொன்னதற்காக என் மச்சான் ஒரு வாரம் பேசவில்லை.

மெதுவான இசை போட்டால் தூக்கம் வருமே?

சாப்பிட்டவுடன் போட்டால் வரும். மற்ற நேரத்தில், மெதுவான இசையும் தூங்க வைக்கும் இசையும் ஒன்றல்ல.

கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி. ராமநாதனைக் கேட்டுப் பாருங்கள். எங்கள் மாவட்டத்து மஞ்சப்ராவில் 1923-ல் பிறந்தவர். டைகர் வரதாச்சாரியாரின் சீடர். கலாக்ஷேத்ராவில் இருந்து பாடி, கற்பித்து, 1984-ல் மறைந்தார். அவர் குரல் கீழே, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வரும். விளம்ப காலம் என்கிற மெதுநடைதான் அவருடைய வீடு. மற்றவர்கள் ஒரு வரியைப் பாடி முடிக்கிற நேரத்தில் அவர் ஒரு சொல்லைத் திறந்து வைத்துக்கொண்டிருப்பார். கேட்பவருக்கும் அவசரம் போய்விடும்.

குரல் இசை வேண்டாம் என்று மேலே சொன்னவன் இதை எப்படிச் சிபாரிசு செய்கிறேன் என்றால், அவர் சொற்களை இழுக்கிற இழுப்பில் அவை சொற்களாகவே இருப்பதில்லை. மூன்று நிமிடத்தில் அர்த்தம் கரைந்து நாதம் மட்டும் நிற்கும். நான் இவரைப் போடுவது, பயமாக இருக்கிற வேலைக்கு. ஒரு மண்டிக்காரர் இரண்டு வருடப் பில்லைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து, "நோட்டீஸ் வந்திருக்குதுங்க, பாருங்க" என்று இறக்கி வைக்கும் நாள் இருக்கிறதே, அன்றைக்கு. வேகமான இசை போட்டால் கையும் பதறும். இவரைப் போட்டால் சாக்கை அவிழ்த்து, முதல் பில்லை எடுத்து நீவி, தேதி பார்க்கிற பொறுமை வருகிறது. அவருடைய கச்சேரிப் பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன. ஏதாவது ஒன்று. ஆனால் முதல்முறை கேட்கிறவர்கள் சிலருக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது.

பாலக்காட்டில் இருந்துகொண்டு மிருதங்கம் சொல்லவில்லையே?

பாலக்காடு மணி ஐயரின் (1912–1981) தனி ஆவர்த்தனம், அதாவது கச்சேரி நடுவே மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதி, என் அலமாரியில் முதல் தட்டில் இருக்கிறது. ஆனால் கணக்கு எழுதும்போது கிட்டவே விடமாட்டேன். காரணம் எளிது. மிருதங்கக்காரர்கள் அதில் செய்வதற்கும் பெயர் கணக்குத்தான். ஏழும் ஐந்துமாகப் பிரித்து, மூன்று முறை அடித்து, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். தாளம் தெரிந்த காதுக்கு அதைக் கூட எண்ணாமல் இருக்க முடியாது. அவர் கணக்கும் என் கணக்கும் ஒரே மேசையில் நடந்தால் அவர்தான் ஜெயிப்பார், என் பேரேடு தோற்கும்.

பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, துளை போட்டு, ஃபைலில் கோக்கும் வேலைக்கு மட்டும் தனி ஆவர்த்தனம். அதற்கு அதைவிட நல்லது இல்லை.

காலையில் வேலையே தொடங்கப் பிடிக்கவில்லை. ஊக்கம் வர என்ன கேட்பது?

இதில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். உடம்பு சிலிர்க்கிற சினிமாப் பாட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். அந்தப் பாட்டு முடிந்ததும் சிலிர்ப்பு போய்விடுகிறது. உடனே அடுத்த பாட்டு. கடைசியில் பாட்டுக் கேட்டதுதான் அன்றைய வேலை. அப்படிப்பட்ட பாட்டை உட்கார்வதற்கு முன் கேளுங்கள், ஒன்றே ஒன்று, பல் துலக்கும்போது.

உட்கார்ந்த பிறகு வேண்டியது மெல்ல மெல்ல ஏறுகிற இசை. அதற்கு எங்கள் நாட்டில் ஒரு முறை இருக்கிறது, பஞ்சாரி மேளம். செண்டை, இலத்தாளம், கொம்பு, குழல் எல்லாம் சேர்ந்து கோயில் முற்றத்தில் கொட்டுவது. ஐந்து காலம், அதாவது ஐந்து வேகப் படி உண்டு. முதல் காலத்தில் ஒரு சுற்றுக்குத் தொண்ணூற்றாறு அட்சரம் (தாள எண்ணிக்கை). அடுத்ததில் அதில் பாதி, நாற்பத்தெட்டு. பிறகு இருபத்துநான்கு, பன்னிரண்டு, கடைசியில் ஆறு. முதல் காலம் ஆமை வேகம். எப்போது சூடு பிடித்தது என்றே தெரியாது. கடைசிக் காலத்தில் கூட்டத்தில் ஒரு கைகூடக் கீழே இருக்காது. முழுதாகக் கொட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும்.

என் கணிப்பில் வேலையும் அப்படித்தான் தொடங்க வேண்டும். முதல் காலத்தில் நான் மேசையைத் துடைத்து, நேற்று விட்ட இடத்தைத் தேடுவேன். மூன்றாம் காலம் வரும்போது பதிவு ஓடத் தொடங்கியிருக்கும். நான்காம் காலத்தோடு ஸ்பீக்கரை அணைத்துவிடுவேன். ஐந்தாம் காலத்தில் யாராலும் வேலை செய்ய முடியாது. எழுந்து நின்று கையைத் தூக்கத்தான் தோன்றும். பதிவில் கேட்பது போதாது என்று தோன்றினால் வேலை, பூரம் நடக்கும் மாதங்களில் கோயிலுக்கே போய்விடுங்கள். இங்கே 'வேலை' என்றால் திருவிழா. நென்மாறை-வல்லங்கி வேலைக்குப் போகிறேன் என்று நான் சொன்னதை, கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவர் எனக்குப் புதிதாக உத்தியோகம் கிடைத்ததாக நினைத்துக்கொண்டு வாழ்த்துச் சொன்னார்.

தட்டச்சு, டேட்டா என்ட்ரி போன்ற ஓட்டமான வேலைக்கு?

மாண்டலின் ஸ்ரீனிவாஸ். ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-ல் பிறந்து, 2014-ல் நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார். மின் மாண்டலினில் ஐந்து தந்தி கட்டிக்கொண்டு கர்நாடக சங்கீதத்தை அதில் ஏற்றியவர். அந்த விரல் ஓட்டத்துக்கு உங்கள் விரலும் தானாக ஈடு கொடுக்கும். ஆலாபனை வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்றுவிடுவீர்கள். அந்த நேரத்தில் பதிந்ததை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

வடக்கத்தி ஆல்பம் ஒன்று?

'கால் ஆஃப் தி வேலி', 1967. சிவகுமார் சர்மா சந்தூர், சௌராசியா குழல், பிரிஜ் பூஷண் காப்ரா கிட்டார். காஷ்மீர இடையன் ஒருவனின் ஒரு நாள், விடியலில் தொடங்கி இரவுவரை. அந்தந்த நேரத்து ராகத்தில் நகரும். முழு நாள் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, நம் நாளும் அப்படி முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு நான் கேட்பது இது.

மேல்நாட்டு இசை பழக்கமில்லை. எதில் தொடங்கலாம்?

மூன்று சொல்கிறேன்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. இரண்டே நாள் ஒலிப்பதிவு, முக்கால் மணி நேரம். ஜாஸ் என்றதும் சிலர் பயப்படுவார்கள். இதில் ஸ்வரக்கோவை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நெடுநேரம் உலாவுகிறார்கள். நமக்கு ஆலாபனை பழகிய காதுதானே, அந்நியமாக இருக்காது. ராத்திரி வேலைக்கு.

அடுத்தது பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்', கிளென் கூல்டின் பியானோவில். இதில் ஒரு வேடிக்கை. கூல்ட் இதை 1955-ல் பதிந்தபோது முப்பத்தெட்டு நிமிடத்தில் வாசித்து முடித்தார். 1981-ல் மறுபடி பதிந்தபோது ஐம்பத்தொரு நிமிடம். அதே சுரங்கள், அதே மனிதர். இளமையில் எதற்கோ பஸ் பிடிக்க ஓடியவர், கடைசியில் நடந்தே போகிறார். அடுத்த ஆண்டே இறந்தும் போனார். அவசர வேலைக்கு முதல் பதிவு, நிதானமான வேலைக்கு இரண்டாவது என்று இரண்டையும் வைத்திருக்கிறேன். முதலில் ஒரு மெட்டு, பிறகு முப்பது மாற்றங்கள், கடைசியில் மறுபடி அதே மெட்டு. திரும்ப அந்த மெட்டு கேட்டதும் ஆல்பம் முடியப்போகிறது என்று தெரிந்து, கையிலுள்ள பில்லோடு நிறுத்திக்கொள்ளலாம். வாசிக்கும்போது கூல்ட் கூடவே முனகுவதும் கேட்கும். ஸ்பீக்கரில் கோளாறு என்று நினைத்து நான் கடைக்குப் போய்விட்டு வந்தேன்.

மூன்றாவது, பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்', 1978. வேண்டும் என்றால் கவனிக்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்ற நினைப்பிலேயே செய்த இசை. ஒரு பகுதியில், வெவ்வேறு நீளத்தில் வெட்டி ஒட்டிய டேப் வளையங்கள் தத்தம் போக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். எப்போது எது எதோடு சேரும் என்று சொல்ல முடியாது. மின்விசிறி சத்தத்தைப்போல அறையில் தங்கிவிடும். என் மனைவிக்கு இது இசையே இல்லை. "மோட்டார் ஓடற சத்தத்தைக் கேட்க இவ்வளவு செலவா" என்றாள். ஒருவகையில் இதற்குக் கிடைத்த சரியான பாராட்டு அதுதான்.

மோசார்ட் கேட்டால் பரீட்சையில் மார்க் ஏறுமாமே? என் பெண் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாள்.

அந்தக் கதை 1993-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு சின்ன ஆய்விலிருந்து கிளம்பியது. கல்லூரி மாணவர்கள் முப்பத்தாறு பேர். இரண்டு பியானோவுக்காக மோசார்ட் எழுதிய சொனாட்டா ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டபின், தாளை மடித்து வெட்டினால் எப்படி வரும் என்பதுபோன்ற உருவக் கேள்விகளில் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்த முன்னேற்றமும் கால்மணி நேரத்துக்குள் போய்விட்டது. அவ்வளவுதான். குழந்தை மூளை வளரும் என்பதெல்லாம் கேசட் விற்றவர்கள் சேர்த்தது. உங்கள் பெண் மனப்பாடம் செய்யும்போது அமைதியாக விடுங்கள். மாதிரித் தாள் போடும்போது வேண்டுமானால் வாத்திய இசை.

தையல், தேங்காய் உரிப்பு, சமையல், இதற்கெல்லாம்?

சொல் உள்ள பாட்டுத்தான் வேண்டும், தாராளமாக. உடம்பு வேலையும் பாட்டும் ஒன்றாகவே பிறந்தவை. ஏற்றம் இறைக்கிறவர்கள் பாட்டிலேயே சால் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாடினார்கள். பாட்டே அங்கே கணக்குப் பிள்ளை. யுத்தக் காலத்தில் பிபிசி தொழிற்சாலைகளுக்காக 'மியூசிக் வைல் யூ வொர்க்' என்று ஒரு நிகழ்ச்சியை 1940-ல் தொடங்கி 1967 வரை நடத்தியது. கைதட்டல் வரும் ஒரு பாட்டை அதில் தடை செய்தார்களாம். ஆட்கள் கையிலிருந்த ஸ்பேனரால் இயந்திரத்தையே தட்டத் தொடங்கினால் என்ன ஆவது.

எங்கள் தெருத் தையல்கடை அண்ணன் ரேடியோவைக் கோயம்புத்தூருக்குத் திருப்பி வைத்துவிட்டு நாள் முழுக்கத் தைக்கிறார். அளவெடுக்கும்போது மட்டும் அணைத்துவிடுவார். இந்தப் பக்கத்தில் நான் நீட்டி முழக்கியதெல்லாம் அந்த ஒரு செய்கையில் இருக்கிறது.

ஆல்பத்தைப் பாதியில் நிறுத்தலாமா?

முடிந்தால் வேண்டாம். கம்பர் கதை தெரியுமல்லவா? அந்தி நேரத்தில் வழியே போனவர் காதில் ஏற்றக்காரன் பாட்டு விழுந்தது: "மூங்கில் இலைமேலே தூங்கும் பனிநீரே". அதோடு அவன் அன்றைய வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டான். அடுத்த அடி என்னவாக இருக்கும் என்று கம்பருக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. விடியலில் அதே வயலுக்கு வந்து நின்று கேட்டார்: "தூங்கும் பனிநீரை வாங்கும் கதிரோனே".

கம்பருக்கே அந்தக் கதி. பாதியில் விட்ட பாட்டு மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே போக வேண்டியிருந்தால் ஓடுகிற அந்தத் துண்டு மட்டுமாவது முடியட்டும்.

விளம்பரம் குறுக்கே வருகிறதே?

காசு கட்டுங்கள், அல்லது சிடி வாங்குங்கள். நடுவில் நிலக்கடலை எண்ணெய் விளம்பரம் வந்தால் எந்த ராகமும் தாங்காது.

ஹெட்போனா, ஸ்பீக்கரா? எவ்வளவு சத்தம்?

தனி அறை என்றால் ஸ்பீக்கர். வாசலில் யார் வந்தாலும் தெரிய வேண்டும். ஹெட்போன் என்றால் பக்கத்தில் இருப்பவர் சாதாரணக் குரலில் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்கிற அளவு. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு நாற்பது மணி நேரம் கேட்கிறவருக்கு எண்பது டெசிபல் என்று எல்லை வைத்திருக்கிறது. நாள் முழுக்கக் காதில் மாட்டிக்கொண்டு உட்காருகிறவர்கள் வாரக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். நானும் சிலநாள் கூட்டிப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

ஒரே அறையில் மூன்று பேர் வேலை செய்கிறோம். யார் ஆல்பம் ஓடுவது?

யார் வேலையில் தப்பு நடந்தால் நஷ்டம் அதிகமோ, அவர் சொல்வது. அவர் அமைதி வேண்டும் என்றால் அமைதி.

மாதம் இருபதாம் தேதி இரவு என்ன கேட்பீர்கள்?

ஒன்றும் கேட்பதில்லை. பதினொன்றாம் தேதி விற்பனைப் பட்டியலை ஏற்றும்போதாவது ஏதாவது ஓடும். இருபதாம் தேதி 3-பி என்ற தாக்கல், பணம் கட்டுகிற நாள். ஸ்பீக்கரின் ஒயரையே பிடுங்கி வைத்துவிடுவேன். மின்விசிறி, காற்று, சோதனைச்சாவடிப் பக்கம் லாரிகள் கியர் மாற்றுகிற சத்தம், அது போதும்.

கடைசி ஆளின் தாக்கல் முடிந்து, அதற்கு அத்தாட்சியான ஏ.ஆர்.என். நம்பர் திரையில் வந்ததும் ஒயரை மறுபடி மாட்டுவேன். அப்போது ராஜாவும் இல்லை, பாக்கும் இல்லை. எம்.எஸ். விஸ்வநாதன். பக்கத்து எலப்புள்ளியில் 1928-ல் பிறந்தவர், எங்கள் ஊர்க்காரர் என்றே சொல்லிக்கொள்வோம். சொல் உள்ள பாட்டு, தமிழ்ப் பாட்டு, எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெரிந்த பாட்டு. உள்ளறையிலிருந்து மனைவி "முடிஞ்சுதா?" என்று கேட்பதில்லை. நான் பாடுவது அவளுக்குக் கேட்கும்.